நீலமேசை ஏரியில் மீன்பிடி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்தவர்க்கு ஆறு என்பது பெரும்பாலும் புத்தகத்திற் படித்தறியும் ஒரு பொருள். மாரி பெய்தால் வழுக்கியாறு சில நாள் ஓடிக் காட்டும்; அவ்வளவே. மீன் என்றாலோ அது கடலிலிருந்து வருவது. ஆகவே, கடலினின்றும் பல நூறு மைலுக்கு அப்பால், மலைகளின் நடுவே, ஓர் ஏரியிலே மீன்பிடிக்கப் போவோம் வாரும் என்று அத்தான் அழைத்தபோது எமக்கு அது விளையாட்டுப் பேச்சாகவே பட்டது. உடனே இசையாமைக்கு வேறொரு காரணமும் இருந்தது. நாம் மரக்கறி உண்பவர்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில், அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்துத் தலைநகராகிய டென்வரிலே வாழும் அக்காவின் வீட்டிற்கு நாம் சென்றிருந்தோம். ஊர் பார்க்கும் ஆசை ஒருபுறம் இருக்க, எமது பெட்டியின் அடியிலே ஒரு கடித உறையும் இருந்தது. அத்தானுடைய ஊர் வலிகாமம் வடக்கிலே கடலை அடுத்தது. 1990இல் சனங்கள் அங்கிருந்து ஒருசேர வெளியேறினார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் இராணுவத்தின் வசமிருந்த அந்நிலத்தின் ஒரு பகுதி 2018 ஏப்ரில் மாதத்திலே விடுவிக்கப்பட்டது. அத்தானின் பெற்றோர் வாழ்ந்த வளவும் அதனுள் அடங்கிற்று. வாங்குவதற்கு ஒருவர் ஆயத்தமாக நின்றார். உறவினர்கள் கூடிப் பேசி, விற்பதற்கு வேண்டிய அற்றோணித் தத்துவப் பத்திரத்தை எழுதுவித்து, ஒப்பம் பெற்றுவரும்படி எம்மிடம் ஒப்படைத்திருந்தார்கள். வந்து ஒரு கிழமையாகியும் அதனை எடுத்து நீட்ட எமக்கு வாய்ப்பும் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், துணிவும் வரவில்லை. படகிலே ஆறுதலாக இருந்து பேசலாம் என்னும் எண்ணத்தினாலேயே ஈற்றில் மீன்பிடிக்க உடன்பட்டோம்.

டென்வரிலிருந்து கன்னிசன் என்னும் சிற்றூருக்கு ஏறக்குறைய 200 மைல். வழியிலே மொனார்க் கணவாயைக் கடக்க வேண்டும். அதன் உயரம் 11,312 அடி. எமது பிதுருதலாகலைச் சிகரத்தினும் மூவாயிரம் அடி அதிகம். மோட்டாரை நிறுத்தி இறங்கியபோது, நாலடி நடப்பதற்குள் மூச்சு முட்டியது. வகுப்பறையிலே நீர்பிரிமேடு என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கின்றோம். அதன்மேல் நின்றது அன்றுதான். கணவாயின் கிழக்கே விழும் மழை ஆர்க்கன்சோ ஆற்றிலே சேர்ந்து, மிசிசிப்பி வழியாக மெக்சிக்கோ வளைகுடாவை நோக்கிச் செல்கிறது. மேற்கே விழுவது கன்னிசன் ஆற்றிலும் பின் கொலறாடோ ஆற்றிலும் கலந்து பசிபிக் பக்கம் போகிறது. போகிறது என்று சொல்வதும் முழு உண்மையன்று. வழியிலுள்ள நகரங்களும் வயல்களும் உறிஞ்சிவிடுவதால் கொலறாடோ ஆறு கடலைத் தொடுவதே இக்காலத்தில் அரிது.

அந்த நீரைத் தேக்கிப் பங்கிடும் பெருந்திட்டத்தின் ஓர் உறுப்புத்தான் நாம் தேடிச்சென்ற நீர்த்தேக்கம். 1956இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி கன்னிசன் ஆற்றின் குறுக்கே மூன்று அணைகள் எழுந்தன. முதலாவதும் பெரியதும் 1966இல் முடிவுற்ற புளூ மீசா அணை. 390 அடி உயரமுள்ள மண்ணணை அது. அதன் பின்னே 20 மைல் நீளத்திற்கு நீர் கிடக்கின்றது; கரையின் சுற்றளவு 96 மைல் என்கிறார்கள். நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் கடல்மட்டத்தினின்றும் 7,519 அடி. நுவரெலியாவிலும் உயரத்திலே, இருபது மைல் நீளமான ஒரு கடனீரேரியை நினைத்துப் பார்த்தால் ஒருவாறு விளங்கும். ஆனால் பச்சை இல்லை. சுற்றிலும் வெளிறிய புதர்களும் மொட்டைக் குன்றுகளுமே. வடகரையிலே எரிமலைக் கழிவுகள் இறுகிப் பின் மழையிலும் காற்றிலும் அரிப்புண்டு, கோபுரங்கோபுரமாய் நிற்கின்றன.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மீசா என்பது தட்டையான உச்சியுடைய குன்று. ஸ்பானிய மொழியிலே மேசைக்கு வழங்கும் சொல் அது. போர்த்துக்கேயரிடமும் அதே சொல் இருந்தது. அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற மேசையில்தான் இக்கட்டுரையை எழுதுகின்றோம். ஆகவே புளூ மீசாவை நீலமேசை என்று தமிழாக்குவதிலே பிழையொன்றும் இல்லை.

கன்னிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்திலே உயிரியல் படித்துக்கொண்டிருந்த மருமகன், விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் எம்மை எழுப்பிவிட்டான். பிற்பகலில் அந்த ஏரியிலே காற்று முரண்டு பிடிக்குமாம். மதியத்துக்குள் கரைசேர வேண்டும். ஆகஸ்டு மாதமாயிருந்தும் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கினோம். படகுத்துறையிலே உத்தியோகத்தர் ஒருவர் படகின் அடியையும் இயந்திரத்தையும் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். வேறு ஏரிகளிலிருந்து ஒருவகைச் சிறு சிப்பி ஒட்டிவந்து பெருகிவிடும் என்னும் அச்சம். "ஏரியே வந்தேறி. அதுக்குள்ள இருக்கிற மீனும் வந்தேறி. சிப்பிக்கு மட்டும் விசா இல்லை," என்றார் அத்தான்.

அது வேடிக்கைப் பேச்சாயினும் உண்மையே. அந்நாட்டு மலையோடைகளுக்கு உரிய ட்றவுட் மீன், தாடைக்குக் கீழே செந்நிறக் கீறலுடைய ஓரினம். இன்று நீலமேசையிலே அகப்படுபவை வேறு. வானவில் ட்றவுட் பசிபிக் கரையோர ஆறுகளிலிருந்து கொணரப்பட்டது. (நம் ஹோட்டன் சமவெளி ஓடைகளிலே ஆங்கிலேயர் விட்டுச்சென்றதும் இதுவே.) பழுப்பு ட்றவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஏரி ட்றவுட் எனப்படும் பூதம் வடக்கத்திய பேரேரிகளுக்கு உரியது. நாம் தேடிச்சென்ற கொக்கனியும் வடமேற்கு மூலையிலிருந்து வந்ததே.

கொக்கனி என்றதும் கொக்கு இனத்துப் பறவையோ என்று எமது மாணவர் கேட்பர். அது வடமேற்கிலே வாழும் ஆதிக்குடிகளின் சொல். செம்மீன் என்பது பொருள். சமன் என்று நாம் பேணியில் வாங்கும் மீன் பெரும்பாலும் சமனே அன்று. ஆனால் கொக்கனி மெய்யான சமன். கடலுக்குச் சென்று வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிடும் சொக்கை என்னும் சமனினத்திலே, முற்காலத்தில் ஏதோ தடையினால் உள்நாட்டு ஏரிகளில் அகப்பட்டுக்கொண்டு, கடலையே காணாமல் வாழப் பழகிய கிளையே கொக்கனி. கடற்சமன் கணக்காகப் பருப்பதில்லை. பெரும்பாலும் ஒரு முழத்துக்கு உட்பட்டது. நீரிலே மிதக்கும் நீர்த்தெள்ளு முதலிய நுண்ணுயிர்களைச் செவுள்களால் வடித்து உண்டு வாழ்கிறது. அத்தகைய மீனுக்கு என்ன இரையைக் கொளுவுவது?

மருமகன் காட்டிய தூண்டிலைக் கண்டு நாம் சிரித்துவிட்டோம். இளஞ்சிவப்பு நிற இறப்பரிலே செய்த ஒரு கணவாய்க் குஞ்சு! கடலையே காணாத மீனுக்குக் கணவாயால் வலைவீசுகிறார்கள். அதற்கு ஒரு சாணுக்கு முன்னே பளபளக்கும் ஒரு தகடு. படகு மெல்ல ஊர, தகடு இடமும் வலமும் ஆடிக் கணவாயைத் துள்ளச் செய்யும். கொளுக்கியிலே பூண்டு மணமூட்டிய வெள்ளைச் சோளமணி ஒன்று. பசியினாலன்றிச் சினத்தினாலேயே கொக்கனி அதனைக் கவ்வுகிறது என்பர் மீன்பிடிகாரர். நாய்க்குட்டியின் முன்னே கயிற்றை ஆட்டினால் அது கவ்வுவதில்லையா, அதுபோல.

கோடையிலே மேல்நீர் சுடுவதால் கொக்கனி குளிர்ந்த ஆழத்தை நாடிவிடும். ஆகவே பீரங்கிக் குண்டு போன்ற ஓர் ஈயக்குண்டை உருக்குக் கம்பியில் இறக்கி, தூண்டில் நூலை அதிலே ஒரு கவ்வியால் மாட்டிவிடுகிறார்கள். எத்தனை அடியில் மீன் நிற்கிறது என்பதை ஒலியலைக் கருவி படம்போட்டுக் காட்டுகிறது. மீன் கவ்வியதும் நூல் கவ்வியினின்றும் விடுபட, வளைந்திருந்த கோல் சடாரென நிமிரும். கோடியக்கரையையும் மன்னாரையும் நம்பி வள்ளத்தில் இரவிரவாகக் கிடக்கும் நம்மவர் இதைக் கண்டால், இது தொழிலன்று, வைத்தியசாலைச் சோதனை என்பார்கள்.

முதலிலே மருமகனின் கோலில் ஒரு வானவில் ட்றவுட் விழுந்தது. நீரை விட்டு மேலே இருமுறை பாய்ந்து, பக்கவாட்டிலே ஓடிய செந்நிறப் பட்டையைக் காட்டிற்று. அடுத்தது எமது முறை. ஒருநாள் உரிமச்சீட்டு வாங்கியிருந்தபடியால், காசு வீணாகலாகாது என்று கோலை எம்மிடம் திணித்துவிட்டார்கள். கோல் நிமிர்ந்தது. நாமும் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுப்பதுபோல் இழுத்தோம்.

"தம்பி, கெதியா இழுக்காதையும்! அதின்ர வாய் கடதாசி மாதிரி. கிழிஞ்சுபோம்!"

அத்தான் சொல்லி முடிப்பதற்குள் நூல் தளர்ந்துவிட்டது. தெளிந்த நீரிலே வெள்ளிக்காசு போல ஒன்று புரண்டு ஆழத்தில் மறைவதை மட்டும் கண்டோம். அந்த மீனின் பொருட்டு வருந்தினோமா, மகிழ்ந்தோமா என்பதை இன்றும் எம்மால் தெளிவாகச் சொல்ல இயலவில்லை. அத்தானோ வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவர் பிடித்த இரண்டைக் கண்டோம். ஒன்று முழு வெள்ளி. மற்றையது ஆண், வெள்ளி மங்கிச் செம்மை படரத் தொடங்கியிருந்தது, மேற்றாடை கிளிமூக்காய் வளைந்திருந்தது. "இது வீட்டுக்குப் போக வெளிக்கிட்டது. இனிச் சாப்பிடாது," என்றார், சொல்லிவிட்டு ஏனோ அதைத் திரும்ப நீரிலே விட்டார்.

உறையை எடுக்க அதுவே தருணம் என எண்ணிக் கைப்பையைத் தொட்டோம். அவ்வேளை மருமகன் ஏரி ட்றவுட் புராணத்தைத் தொடங்கிவிட்டான். அது பல பத்தாண்டுகள் வாழும். கொக்கனியைத் தின்றே கொழுக்கும். இவ்விரண்டும் ஒரே ஏரியில் பெருக முடியாதென்பதால், மாநில மீன்வளத் துறையினர் வலைபோட்டு ஏரி ட்றவுட்டைக் குறைத்தார்கள்; பின்னாளிலே சிறியனவற்றைப் பிடிப்போர்க்குப் பரிசும் வைத்தார்கள். 2023 மே மாதத்தில் இதே ஏரியிலே 73 இறாத்தலுக்கு மேற்பட்ட ஒன்று பிடிபட்டுத் திரும்ப விடப்பட்டதென அறிந்தபோது, எமது காலடியில் அன்று எத்தகைய பூதம் உலாவிற்றோ என்று சற்றே குளிர்ந்தது.

பத்தரை மணிக்கெல்லாம் காற்று எழுந்தது. கரைசேர்ந்து, கன்னிசனை நோக்கி ஏரியின் கிழக்கு முனைவழியே வந்தபோது, மருமகன் மோட்டாரை நிறுத்தினான். அவ்வாண்டு மழையும் பனியும் பொய்த்து ஏரி வெகுவாக வற்றியிருந்தது. நீர் விலகிய சேற்றுவெளியிலே ஒரு தார்வீதியின் துண்டு எங்கிருந்தோ வந்து எங்கோ போயிற்று. அப்பால் சில அத்திவாரங்கள்.

அதுதான் அயோலா. அணைக்கு முன்னே இந்த வெளியில் ஆறு ஓடிற்று. அமெரிக்கா முழுவதிலுமிருந்து ட்றவுட் பிடிப்போர் வந்து தங்கிய விடுதிகள் அதன் கரையில் இருந்தன. மாட்டுப்பண்ணைகளும் கடையும் பள்ளிக்கூடமும் இருந்தன. 1880களிலே போடப்பட்ட ஒடுங்கிய இருப்புப்பாதை ஒன்றும் இருந்து, அணை வருமுன்பே கைவிடப்பட்டது. அயோலா, செபோலா, சபினேறோ என்னும் மூன்று ஊர்களும் நீலமேசையின் கீழே போயின. அவர்களுக்கு முன்னே அங்கு வாழ்ந்த யூட் குடிகளையோ 1881இலேயே யூட்டாவுக்குத் துரத்திவிட்டிருந்தார்கள். நம் மஸ்கெலியாப் பழைய நகரும் 1960களின் பிற்பகுதியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துள் இவ்வாறே அமிழ்ந்தது. வரட்சியில் அதன் கோவிற்சுவர்கள் தலைகாட்டுவதை நாம் பார்த்திருக்கின்றோம்.

அத்தான் சேற்றிலே இறங்கி ஓர் அத்திவாரத்தின் மேல் ஏறி நடந்தார். சுவரில்லாத வீட்டை அடியடியாக அளந்தார். "இது விறாந்தை. இது அறை. இதிலை குசினி... புகைக்கூடு இருந்திருக்கவேணும்," என்றார். அறியாத ஊரிலே, அறியாத ஒருவர் வீட்டின் குசினியை அவர் எவ்வாறு கண்டுபிடித்தார் என்று நாம் வினவவில்லை. கைப்பையையும் திறக்கவில்லை.

மாலையிலே ஆல்மொன்ற் என்னுமிடத்துக்கு வடக்கே, ஈஸ்ற் ஆற்றங்கரையிலுள்ள மீன்குஞ்சு பொரிப்பகத்துக்கு மருமகன் எம்மை அழைத்துச் சென்றான். றோறிங் யூடி என்பது அதன் பெயர். நீலமேசையின் கொக்கனியெல்லாம் பெரும்பாலும் இங்கிருந்தே உற்பத்தி. வசந்தத்திலே 30 இலட்சத்தை எட்டும் குஞ்சுகளை இங்கிருந்து ஆற்றிலே திறந்துவிடுகிறார்கள். பகலில் விட்டால் பழுப்பு ட்றவுட் வழிமறித்து விழுங்கிவிடுமென்று இரவிலே விடுகிறார்கள். இருளிலே ஆற்றோடு மிதந்து அவை ஏரியைச் சேரும். மூன்று நான்கு ஆண்டு அங்கே வளரும். பிறகு ஒரு கோடையின் இறுதியிலே, உண்பதை நிறுத்தி, மெய்சிவந்து, ஏரியை விட்டு ஆற்றிலே எதிரேறும். கன்னிசன் ஆற்றை விட்டு ஈஸ்ற் ஆற்றுக்குத் திரும்ப வேண்டிய இடத்திலே திரும்பி, இப்பொரிப்பகத்தினின்று வழியும் கால்வாயைத் தேடிப் பிடித்து, அதிலே ஏறும்.

"எப்படித் தெரியும்?" என்றார் அத்தான்.

"தண்ணியின்ர மணம், அப்பா. குஞ்சாயிருக்கேக்கை மணந்த மணம். அதை மறக்காது."

இவ்வளவிற்கும் அது சீமெந்துத் தொட்டி. மூதாதையர் வாழ்ந்த ஆறன்று. அலுவலகம் ஒன்றின் பின்புறம். அங்கே ஏறக்குறைய ஆயிரம் முட்டையுடைய பெண்மீனைப் பிடித்துப் பிதுக்கி, ஆண்மீனின் பாலுடன் ஒரு வாளியிலே சேர்த்துவிடுகிறார்கள். முட்டையிட்ட கொக்கனி எங்கிருந்தாலும் சில நாளிலே இறப்பது விதி. ஆகையால் உடல்களை உரிமம் பெற்ற மக்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் மனிதர் ஓராண்டு இந்த வேலையை நிறுத்தினால், நான்காம் ஆண்டிலே ஏரியில் மீன் அரிதாகிவிடும்.

நாம் சென்றது பருவத்தின் தொடக்கம். கால்வாயிலே பத்துப் பன்னிரண்டு மீனே நின்றன. ஆனால் அச்சிவப்பை எவ்வாறு சொல்வது! செவ்வரத்தம்பூவை நீரிலே இட்டாற்போல, தலைமட்டும் பாசிப்பச்சை. ஒன்றின் வாற்செட்டை வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. கல்லிலே அடிபட்டதாகலாம். அது நீரோட்டத்தை எதிர்த்து ஓரிடத்திலேயே நின்றது. முன்னேறவும் இல்லை, பின்னிடவும் இல்லை. அத்தான் கால்வாயின் விளிம்பிலே குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடமாவது கழிந்திருக்கும். மருமகன் இருமுறை கூப்பிட்டான்.

அதன்பின் நீலமேசையைப் பற்றிய செய்திகளை நாம் பத்திரிகைகளில் தேடிப் படித்து வருகின்றோம். 2021இலே கீழேயுள்ள பவல் ஏரியின் மட்டத்தைக் காப்பதற்காக நீலமேசையின் நீரை அவசரமாகத் திறந்துவிட்டார்கள். 2024 ஏப்ரிலிலே ஏரியின் நடுப்பாலத்து உருக்கிலே வெடிப்புக் கண்டு போக்குவரத்தை நிறுத்தினார்கள். பின்னர் திருத்தித் திறந்தார்கள். மீன்களோ பாலத்தின் கீழே போய்வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அன்றிரவு திரும்பும்போது மோட்டாரின் பின்னாசனத்திலே நாமும் அத்தானும் இருந்தோம். கணவாயிலே ஏறும்வரை அவர் வாய்திறக்கவில்லை. உறை எமது மடியிலே இருந்தது. எப்போது வெளியே எடுத்தோம் என்பது எமக்கே தெரியாது. அவர் அதை வாங்கி, பிரியாமலே ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப எமது மடியிலே வைத்தார்.

"தம்பி, எங்கட வளவுக் கிணறு கிடக்குதோ?"

"கிடக்குது அத்தான். கட்டு இடிஞ்சுபோச்சு. உள்ளுக்கை மண்ணும் மரமும்."

"தண்ணி?"

"பாக்கேல்லை. கலக்கி இறைச்சாத்தான் தெரியும்."

"அந்தப் பக்கத்திலை எங்கட கிணறு ஒண்டுதான் நல்ல தண்ணி. மற்றதெல்லாம் உவர்." சிறிது நேரம் இருளைப் பார்த்திருந்தார். "இறைக்க என்ன செலவு வரும்?"

மருமகன் கண்ணாடியிலே தகப்பனாரை ஒருமுறை பார்த்துவிட்டு, வளைவிலே வேகத்தைக் குறைத்தான். நாம் கடித உறையின் பின்புறத்திலே கணக்குப் போடத் தொடங்கினோம்.